நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்



புதுவீடு கட்டியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் போனில் கேட்டார்: "சார், தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி நாலு கிடக்கு. பழைய சாமான் வாங்குறவர் கேட்கிறார். கொடுத்துட்டு இறக்குமதி செட் ஒண்ணு வாங்கிடலாமா?" அவருக்குச் சொன்ன பதிலை, கொஞ்சம் வரலாறு சேர்த்து எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நாற்காலி என்பது தமிழ்ச்சொல்தான். ஆனால் சாதாரண வீடுகளில் அதில் உட்காரும் பழக்கம் அவ்வளவு பழையதல்ல. பாய், மணை, திண்ணை இவையே நமக்குப் போதும் என்றிருந்தது. மேசை, அலமாரி இரண்டும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். இலங்கைத் தமிழர் நாற்காலியைக் 'கதிரை' என்பதும் அப்படி வந்ததே.

1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது; 1761 வரை வைத்திருந்தது. அவர்களுடைய புதுச்சேரியில் ஐரோப்பிய மாதிரியைப் பார்த்து நம் தச்சர்கள் தேக்கிலும் தோதகத்தியிலும் நாற்காலி செய்தார்கள். பிறகு 1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்ற, பர்மா தேக்கு கப்பல் கப்பலாக நம் கரைக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் அதற்குச் சாட்சி. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது.

ஆக, மாதிரி வெளிநாடு. பல வீடுகளில் மரமும் வெளிநாடு. வேலை செய்த கை மட்டும் நம் ஊர்க்கை. எனவே 'இறக்குமதி' என்பதாலேயே ஒன்றை மட்டமாகச் சொல்ல முடியாது.

பழைய நாற்காலி நின்றதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வைரம் பாய்ந்த கட்டை. தேக்கின் நடுக்கட்டையில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் நெருங்காது. இரண்டாவது, பொருத்து. தச்சர் ஒரு சட்டத்தில் உளியால் துளை எடுப்பார். மற்றதன் முனையை நாக்குப்போல் செதுக்கி அதில் இறுக்குவார். குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பார். ஆட்டம் கண்டால் ஆணியைத் தட்டி எடுத்து, பிரித்து, மறுபடி இறுக்கலாம். பிரம்பு தொய்ந்தால் பின்னிக்கொள்ளலாம்.

இன்று மலிவாக வரும் பல சாமான்கள் மரத்தூளையும் சிராய்களையும் யூரியா பார்மால்டிஹைடு பசையில் அழுத்திய பலகை. மேலே மரம்போல ஒரு தாள். திருகாணி பிடித்த இடம் ஒருமுறை உதிர்ந்தால் மறுபடி பிடிப்பது கடினம். செவ்வாய், வெள்ளி வீடு கழுவுகிற நம் வழக்கத்தில் அடிப்பக்கம் தண்ணீர் குடித்து ஊதிவிடும். மலேசிய ரப்பர் மரச் சாமான் வேறு வகை. பால் வெட்டி முடிந்த மரத்தை அறுத்து, மருந்தேற்றிச் செய்வது, அது மரமேதான்.

பிரித்து அனுப்பும் நாற்காலியும் புதிதல்ல. 1859இல் ஆஸ்திரியாவின் தோனெட் நிறுவனம் ஆவியில் வளைத்த மரத்தில் ஒரு நாற்காலி செய்தது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கின. அவற்றில் பல இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. திருகு தளர்ந்தால் முடுக்கலாம், கால் ஒடிந்தால் மாற்றலாம் என்பதே காரணம்.

எனவே எந்த நாட்டுச் சாமான் என்று கேட்காதீர்கள். கெட்டால் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லோராலும் இன்றைய விலைக்குத் தேக்கு வாங்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பதை விற்கும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பொருத்தில் மூங்கில் ஆணி தெரிந்தால், உங்கள் ஊரில் இன்னும் உளி பிடிக்கிற தச்சரைத் தேடிப்போய்க் காட்டுங்கள். என் சிறுவயதில் அவர்கள் வீட்டுக்கே வந்து வேலை செய்வார்கள். இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கூலியில் உங்கள் நாற்காலியும் பிழைக்கும், அவர் தொழிலும் பிழைக்கும்.

உங்கள் வீட்டுப் பழைய நாற்காலி யார் செய்தது, எந்த மரம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்