குரங்கினங்களின் மரபணுத்தொகையும் மனித நோய் ஆய்வும்

குரங்கின மரபணுத்தொகையியல் என்பது மனிதர் நீங்கலான பிரைமேட்டு இனங்களின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து, அவற்றை ஒன்றோடொன்றும் மனிதரோடும் ஒப்பிடும் துறை. தேவாங்கு, லீமர் போன்ற சிற்றினங்களிலிருந்து சிம்பன்சி, கொரில்லா வரை எல்லாம் இதற்குள் அடங்கும். ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதும் சேர்ந்ததை மரபணுத்தொகை அல்லது ஜீனோம் என்கிறோம். சிம்பன்சிக்கும் நமக்கும் 99 விழுக்காடு ஒற்றுமை என்ற ஒற்றை எண்ணாகவே இத்துறை பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மருத்துவத்துக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. ஏறத்தாழ ஒரே மரபணு இரண்டு இனங்களிலும் இருக்க, ஒன்று நோயில் விழுந்து மற்றது தப்புவது ஏன் என்று கேட்டபோதுதான் உருப்படியான விடைகள் கிடைத்தன.

வரிசை படிக்கும் காலத்துக்கு முன்

மருத்துவ ஆய்வில் குரங்குகள் இடம்பெற்றது மரபணு பற்றிய அறிவுக்கு முந்தியது. இளம்பிள்ளை வாதத்தால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத் திசுவை 1908-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் குரங்குகளுக்குள் செலுத்தி, அந்நோய் தொற்றக்கூடியது என்று காட்டினர். அதே லாண்ட்ஸ்டைனர் 1940-இல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்.எச். காரணியை அறிவித்தார். நம் இரத்தப் பிரிவுச் சீட்டில் இன்றும் இருக்கும் அந்த எழுத்துகள் ரீசஸ் குரங்கின் பெயரிலிருந்து வந்தவை. குரங்கில் அவர்கள் கண்ட காரணியும் மனிதரில் உள்ள ஆர்.எச். காரணியும் ஒன்றல்ல என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

போலியோ தடுப்பூசி குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்க்கப்பட்டதால் 1950-களில் இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையாகக் கப்பலேறின. அணுக்கதிர் தொடர்பான இராணுவச் சோதனைகளிலும் அவை பயன்படுத்தப்பட்ட செய்தி வெளிவந்ததும் 1978-இல் இந்திய அரசு ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. அதன்பின் அமெரிக்க ஆய்வகங்கள் தம்மிடம் எஞ்சியிருந்த இந்திய வழிக் குரங்குகளையே பெருக்கின. பிறகு சீனாவிலிருந்தும் வாங்கின. இந்த வணிகத் திருப்பத்துக்கு ஓர் அறிவியல் விளைவும் உண்டு. இந்திய வழிக் குரங்கும் சீன வழிக் குரங்கும் ஓரினமே என்றாலும், எய்ட்ஸ் போன்ற குரங்கு நோய் முன்னதில் விரைவாகவும் பின்னதில் மெதுவாகவும் முற்றுகிறது. எந்த நாட்டுக் குரங்கு என்று குறிப்பிடாத சோதனை முடிவைச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

அதற்கு முன்பே 1938-இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன 409 ரீசஸ் குரங்குகளை குரங்கு ஆய்வாளர் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் போர்ட்டோ ரிக்கோவுக்கு அருகிலுள்ள காயோ சாந்தியாகோ தீவில் விட்டார். இன்று அங்கிருப்பவை அனைத்தும் அவற்றின் வழித்தோன்றல்கள்; தாய்வழி தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியுள்ளது. மரியா புயல் 2017-இல் அத்தீவைச் சிதைத்தது. பிழைத்த குரங்குகளின் நோய் எதிர்ப்புச் செல்களில் மரபணுக்கள் இயங்கும் விதத்தை ஆராய்ந்தவர்கள், அவை சராசரியாக இரண்டு ஆண்டு கூடுதலாக மூப்படைந்திருப்பதாக 2022-இல் எழுதினர். மனித ஆயுளில் அது ஏழெட்டு ஆண்டுக்குச் சமம். பேரிடரில் வீடிழந்தவர்கள் உடலளவில் என்ன ஆகிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

புரதங்களிலிருந்து மரபணுவுக்கு

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் 1967-இல் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதரும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றனர். புதைபடிவ அறிஞர்கள் அன்று நம்பியது அதைப்போலப் பல மடங்கு. வில்சனும் அவருடைய மாணவி மேரி-கிளேர் கிங்கும் 1975-இல் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் உண்மையான தொடக்கம் என்பேன். மனிதர், சிம்பன்சி இரண்டின் புரதங்களும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கக் கண்ட அவர்கள் அந்த ஒற்றுமையில் மயங்கி நின்றுவிடவில்லை. புரதங்கள் இவ்வளவு ஒத்திருந்தும் உடலும் நடத்தையும் இவ்வளவு வேறுபடுவானேன் என்று கேட்டனர். மரபணு எந்த உறுப்பில், எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்ற கட்டுப்பாட்டில்தான் வேறுபாடு இருக்க வேண்டும் என்று முடிவு கூறினர். அடுத்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் அதை மீண்டும் மீண்டும் உறுதிசெய்தன. மரபுவழி மார்பகப் புற்றுக்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதை 1990-இல் காட்டியவரும் இதே மேரி-கிளேர் கிங்தான்.

மனித மரபணுத்தொகையின் முதல் வரைவு 2001-இல் வந்தது. சிம்பன்சியுடையது 2005 செப்டம்பரில் வெளியாயிற்று. அட்லாண்டாவின் யெர்க்ஸ் ஆய்வு மையத்தில் வாழ்ந்த கிளின்ட் என்ற ஆண் சிம்பன்சியின் இரத்தத்திலிருந்து படித்த வரிசை அது. ஒற்றை எழுத்து வேறுபாடுகள் சுமார் மூன்றரைக் கோடி, அதாவது 1.23 விழுக்காடு, சேர்ந்தும் விடுபட்டும் போன துண்டுகள் ஏறத்தாழ 50 இலட்சம். தன் வரிசை அச்சாவதற்கு முன்பே, 2004-இல், கிளின்ட் 24 வயதில் இதயம் செயலிழந்து இறந்தது.

பேய்லர் மருத்துவக் கல்லூரியின் ரிச்சர்ட் கிப்ஸ் தலைமையில் ரீசஸ் குரங்கின் வரிசை 2007 ஏப்ரலில் முடிந்தது. இந்திய வழிப் பெண் குரங்கு ஒன்றின் டி.என்.ஏ. அது. ரீசஸ் நம் முன்னோரிடமிருந்து பிரிந்து சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஒற்றுமை 93 விழுக்காடு அளவில் வந்தது. அந்த ஆய்வில் மருத்துவர்களைத் திடுக்கிட வைத்த செய்தி வேறு. பினைல்கீட்டோனூரியா, சான்ஃபிலிப்போ போன்ற கொடிய பிறவி நோய்களை மனிதக் குழந்தைகளில் உண்டாக்கும் சில எழுத்து மாற்றங்கள் ரீசஸ் குரங்கில் இயல்பான எழுத்துகளாகவே இருந்தன. ஒரு மரபணு மாற்றம் எல்லா உடலிலும் ஒன்றுபோலத் தீங்கு செய்வதில்லை, அதைச் சூழ்ந்துள்ள பிற மரபணுக்களும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன என்று இதனால் தெளிவாயிற்று. ஒராங்குட்டான் 2011, கொரில்லாவும் பொனொபோவும் 2012, மார்மோசெட்டும் கிப்பனும் 2014 என வரிசைகள் அடுத்தடுத்து வந்தன.

எய்ட்ஸ் கற்றுத் தந்தவை

எச்.ஐ.வி.-1 சிம்பன்சியிடமிருந்து மனிதருக்குத் தாவியது என்று 1999-இல் பியாட்ரிஸ் ஹானின் குழு நிறுவியது. ஆனால் ஆப்பிரிக்கக் குரங்கினங்கள் பலவற்றுக்கு அதே குடும்பத்து வைரசுகளால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ரீசஸ் குரங்கின் செல்களுக்குள் எச்.ஐ.வி.-1 நுழைந்தாலும் தழைக்க முடிவதில்லை. காரணம் டி.ஆர்.ஐ.எம்.5-ஆல்ஃபா என்ற புரதம் என்று 2004-இல் ஜோசப் சோட்ரோஸ்கியின் ஆய்வகம் கண்டறிந்தது. உள்ளே வந்த வைரசின் கூட்டைப் பற்றி, அது தன் வேலையைத் தொடங்குமுன்பே கலைத்துவிடுகிறது அப்புரதம். நமக்கும் அதே புரதம் உண்டு, எச்.ஐ.வி.-1 முன்னால் அது வலுவற்றது. மனிதப் புரதத்தின் 332-ஆவது அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றினால் அதுவும் வைரசைத் தடுக்கத் தொடங்குகிறது என்று 2005-இல் ஆய்வகத்தில் காட்டினர். கோடிக்கணக்கானோர் உயிரைக் குடித்த கொள்ளைநோயின் ஒரு முடிச்சு அந்த ஓரிடத்தில் இருந்தது. சூட்டி மாங்கபே என்ற ஆப்பிரிக்கக் குரங்கு வைரசைச் சுமந்தபடியே நலமாக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு, அதன் வரிசையை 2018-இல் வெளியிட்டவர்கள் நோய் எதிர்ப்பை முடுக்கும் மரபணுக்கள் சிலவற்றில் விடை தேடினர். அவற்றுள் டி.எல்.ஆர்.4 என்பதன் வால்பகுதி மாறியிருப்பதால் அக்குரங்கின் அழற்சி மட்டுப்படுகிறது.

நம்மிடம் இல்லாமல் போனது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற அஜித் வர்கி, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செல்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளை ஆராய்ந்துவந்தார். நியூ5ஜி.சி. எனப்படும் ஒருவகைச் சயாலிக் அமிலம் சிம்பன்சி, கொரில்லா உள்ளிட்ட வாலில்லாக் குரங்குகள் அனைத்திலும் இருக்க, மனிதரில் மட்டும் இல்லை என்று 1998-இல் அவர் குழு காட்டியது. அதை உண்டாக்கும் சி.எம்.ஏ.எச். மரபணுவில் 92 எழுத்துகள் நம் முன்னோரிடம் என்றோ விழுந்துவிட்டிருந்தன. மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் இடையில் உறுதியாகத் தெரியவந்த முதல் மூலக்கூறு வேறுபாடுகளில் இதுவும் ஒன்று.

இந்த இழப்பின் விளைவுகள் இதயம் வரை நீள்கின்றன. கூண்டில் வளரும் சிம்பன்சிகளும் இதய நோயால் சாகின்றன, கிளின்ட்டும் அப்படித்தான். ஆனால் அவற்றின் நோய் பெரும்பாலும் இதயத் தசை நார்த்திசுவாக இறுகுவது. நம்மைக் கொல்வது இதயத் தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பது. ஒரே சொல்லால் நாம் குறிக்கும் இதய நோய் இரண்டு இனங்களில் இரண்டு நோய். சி.எம்.ஏ.எச். மரபணுவை நீக்கிய எலிகளின் தமனிகளில் கொழுப்புப் படிவு கூடுகிறது என்று வர்கி குழுவினர் 2019-இல் கண்டனர்.

ஒற்றுமையை நம்பிய ஒரு நாள்

2006 மார்ச் மாதம் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்ற எதிர்ப்புரத மருந்து முதன்முறையாக ஏற்றப்பட்டது. குரங்குகளில் தீங்கு காட்டாத அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் பொங்கி, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். மருந்து பற்றும் சி.டி.28 புரதத்தின் வெளிப்பகுதி குரங்கிலும் மனிதரிலும் ஒன்றாக இருந்ததால்தான் குரங்குச் சோதனையை நம்பினார்கள். முன்பே தொற்றைக் கண்டு பழகிய ஒருவகை நினைவு டி-செல்களில் மனிதருக்கு அப்புரதம் வெளிப்படுகிறது, அந்தக் குரங்குகளுக்கு வெளிப்படுவதில்லை என்று 2010-இல் தெரிந்தது. 1975-இல் வில்சனும் கிங்கும் சொன்னது இதுதான்: எழுத்து ஒன்றாக இருக்கலாம், இயங்கும் இடம் வேறாக இருக்கும். வரிசை ஒப்பீட்டோடு நின்றுவிட்டு மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்வது தவறு என்பதை மருந்தாய்வு உலகம் மனித உடல்களில் கற்க நேர்ந்தது வேதனைக்குரியது.

தானாக வந்த நோய்கள்

குரங்குக் கூட்டங்களில் மனிதரைப் போலவே பிறவி நோய்கள் இயல்பாகத் தோன்றுகின்றன. வரிசை படிக்கும் செலவு குறைந்தபின் இவற்றைத் தேடுவது எளிதாயிற்று. டெக்சஸ் மாநிலம் பாஸ்ட்ராப்பில் உள்ள ரீசஸ் கூட்டத்தில் எம்.எல்.எச்.1 மரபணுச் சிதைவால் பெருங்குடல் புற்று பரம்பரையாக வருகிறது. மனிதரில் இதே குறை லிஞ்ச் நோய்க்குறி எனப்படும். கலிபோர்னியாவின் டேவிஸ் மையத்தில் பகல் வெளிச்சத்தில் பார்வை தடுமாறிய ரீசஸ் குரங்குகளிடம் பி.டி.இ.6சி. மரபணு மாற்றம் இருப்பது 2019-இல் வெளியாயிற்று. நாம் வாசிக்கவும் முகம் அறியவும் பயன்படுத்தும் விழித்திரையின் கூர்ப்பகுதி எலிக்குக் கிடையாது, குரங்குக்கு உண்டு. ஆகவே அந்தக் கண்களில் செய்யும் மரபணு சிகிச்சைச் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு.

மாற்றாக, செயற்கையாக மரபணு மாற்றிய குரங்குகளும் உருவாக்கப்பட்டன. ஓரிகன் மையத்தில் பிறந்த ஆண்டி என்ற ரீசஸ் குரங்கு 2001-இல் அறிவிக்கப்பட்டது. ஹன்டிங்டன் நோய் மரபணுவைச் சுமந்த ரீசஸ் குரங்குகள் 2008-இல் வந்தன. துன்பத்தை வேண்டுமென்றே பிறப்பிப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் நோயை முறையாகத் தேடிப் படிப்பதே மேலான வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சிம்பன்சிகள் மீதான ஆய்வில் பெரும்பகுதி தேவையற்றது என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனக் குழு 2011-இல் அறிக்கை தந்தது. அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2015-இல் அவ்வகை ஆய்வுக்கு ஆதரவை நிறுத்தின.

ஊசி தேவைப்படாத பயன்

அண்மைக்கால முன்னேற்றங்களுள் மிக முக்கியமானது, விலங்கைத் துன்புறுத்தாமல் கிடைக்கும் இந்தப் பயனே. நோயாளி ஒருவரின் மரபணுவைப் படித்தால், நோயா இயல்பா என்று சொல்லத் தெரியாத எழுத்து மாற்றங்கள் பல எஞ்சும். பி.ஆர்.சி.ஏ.1 போன்ற மரபணுவில் அப்படி ஒன்று இருந்தால் மருத்துவரும் நோயாளியும் தவித்துப்போகிறார்கள். ஒரு மாற்றம் குரங்கினங்களில் பரவலாக இருந்து, அவை நலமாக வாழ்ந்து இனம் பெருக்குகின்றன என்றால், மனிதரிலும் அது பெரும்பாலும் தீங்கற்றதே. இந்த எளிய தர்க்கத்தைக் கொண்டு இல்லுமினா நிறுவனத்தின் கைல் ஃபார் குழு 2018-இல் ஆறு குரங்கினங்களின் தரவில் ஒரு கணினி முறையைப் பயிற்றுவித்தது. 2023 ஜூனில் அது விரிந்தது: 233 இனங்கள், 809 விலங்குகள், புரதத்தை மாற்றும் 43 இலட்சம் பொது எழுத்து மாற்றங்கள். மனிதரில் நேரக்கூடிய அவ்வகை மாற்றங்கள் மொத்தம் ஏழு கோடிக்கு மேல். அவற்றில் ஆறு விழுக்காட்டுக்கு இப்படி விடை கிடைத்தது. மீதியைக் கணிக்கவும் அதே தரவு பயிற்சியாகிறது. எந்த விலங்கையும் நோயில் தள்ளாமல், அது உயிரோடு இருப்பதையே சான்றாகக் கொள்ளும் முறை இது. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஜி. உமாபதியும் இக்கூட்டு முயற்சியில் பங்கேற்றார். நீலகிரி மந்தி உள்ளிட்ட இந்திய இனங்கள் அதில் இடம்பெற்றன.

முன்பு வாலில்லாக் குரங்குகளின் வரிசைத் துண்டுகளைக் கோக்க மனித வரிசையையே சட்டமாக வைத்தனர். அதனால் நம்மிடம் இல்லாத பகுதிகள் கண்ணில் படாமல் போயின. 2025 ஏப்ரலில் சிம்பன்சி, பொனொபோ, கொரில்லா, இருவகை ஒராங்குட்டான், சியாமங் ஆகிய ஆறின் மரபணுத்தொகைகள் முனை முதல் முனை வரை முழுமையாக வெளியாயின. நேருக்கு நேர் ஒப்பிட முடியாத பகுதிகளையும் சேர்த்தால் சிம்பன்சிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு 12 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 99 என்ற எண்ணைப் பாடநூல்கள் விளக்கமின்றி அச்சிடுவதை இனி நிறுத்த வேண்டும்.

இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கிறது. 809-ஐ 233-ஆல் வகுத்தால் இனத்துக்கு நான்கு விலங்குகூடத் தேறாது. ஒரு மாற்றம் பரவலானதா என்று சொல்ல ஒவ்வோர் இனத்திலும் நூற்றுக்கணக்கான விலங்குகளைப் படிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பிரைமேட்டு இனங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. நீலகிரி மந்திக்கும் சிங்கவால் குரங்குக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளைவிட்டால் வேறு வாழிடம் கிடையாது. அக்காடுகளைக் காப்பதற்கு வனத்துறை கேட்கும் நிதியில் மருத்துவ ஆய்வுத் துறையும் பங்கு தர வேண்டும்.