செவிக்கல்லின் மையம்: ஆரஞ்சு ரஃபி மீனின் வயது பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஆரஞ்சு ரஃபி நூறாண்டைத் தொடும் மீன் என்பதை ஏற்காதவர்கள் பெரும்பாலும் ரேடான் கசிவையே காரணம் காட்டுகிறார்கள். தென்கிழக்கு ஆஸ்திரேலிய மீன்களை வைத்து 1991-இல் வெளியான ஈயம்-ரேடியம் ஆய்வு அதனாலேயே செல்லாது என்பது அவர்கள் வாதம். அந்த ஆய்வில் ஓட்டை இருக்கிறது. ஆனால் அது அவர்கள் சுட்டும் இடத்தில் இல்லை.

மீனின் உட்காதில் வளரும் செவிக்கல்லில் படியும் ரேடியம்-226 சிதைந்து ரேடான் வாயுவாகி, இறுதியில் ஈயம்-210 ஆகிறது. இடையில் வாயு கசிந்தால் கல்லில் சேரும் ஈயம் குறையும். ஈயம் குறைந்தால் மீன் உண்மை வயதைவிட இளையதாகவே தோன்றும். ஆகவே கசிவு மெய்யானால் மீனின் வயது கூடுமே தவிரக் குறையாது. தம் கட்சிக்கே எதிராகச் சாட்சி சொல்லும் இந்த வாதம் இத்தனை காலம் எப்படி எடுபட்டது என்பது வியப்புதான்.

கல் உருவாகும்போதே கடல்நீரிலிருந்து ஈயம் புகுந்திருக்கலாம் என்பது இதைவிடப் பொருட்படுத்தத்தக்க ஐயம். அதுவே மீனை மூப்பாகக் காட்டக்கூடியது. ஆனால் ஈயம்-210-இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. தொடக்கத்தில் ஈயம்-ரேடியம் விகிதம் 0.1 இருந்ததாகவே கொண்டாலும் கணக்கில் கூடுவது மூன்றரை ஆண்டுக்கும் குறைவு. நூறாண்டு மீனை இருபதாண்டு மீனாக்க அது போதாது.

உண்மையான சிக்கல், 1991-இல் முழுச் செவிக்கல்லையும் கரைத்து அளந்ததில் இருக்கிறது. கல்லின் உட்பகுதி பழையது, வெளிப்பகுதி புதியது. கிடைக்கும் விகிதம் இரண்டின் கலவை. அதை வயதாக மாற்ற, கல்லின் எடை எந்த வேகத்தில் ஏறியது என்பதை முன்கூட்டியே கருதிக்கொள்ள வேண்டும். முதிர்ச்சி வரை ஒரு வேகம், பின்னர் அதைவிடக் குறைந்த வேகம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வளர்ச்சி வேகத்தைக் கண்டறிய வந்த ஆய்வு வளர்ச்சி வேகத்தையே முதலீடாக வைத்தது. 38 முதல் 40 செ.மீ. நீள மீன்களுக்கு அது தந்த 77 முதல் 149 ஆண்டு என்ற வீச்சை இந்த வட்டத்துக்குள் வைத்தே படிக்க வேண்டும்.

2009-இல் வெளியான நியூசிலாந்து மீன்களின் ஆய்வு, இளம்பருவத்தில் உருவான மையப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அளந்தது. அங்கே எடைக் கணக்கு வயதைத் தீர்மானிப்பதில்லை. மிக மூத்த தொகுதிக்குக் கிடைத்தது குறைந்தது 93 ஆண்டு. செவிக்கல்லின் குறுக்குவெட்டில் எண்ணிய வளர்ச்சி வளையக் கணக்கும் அதனோடு பொருந்தியது. வளையங்கள் ஆண்டுக்கொன்று அல்ல என்ற மறுப்புக்கு இதற்கு மேல் விடை தேவையில்லை என்று கருதுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விகிதம் 1-ஐ நெருங்க நெருங்க இந்த ஈயம்-ரேடியம் கடிகாரம் மந்தமாகிறது. 0.95 என்றால் 96 ஆண்டு, 0.99 என்றால் 148. அந்த 0.04 இடைவெளிக்குள் அரை நூற்றாண்டு அடங்கிவிடுகிறது. அளவீட்டுப் பிழையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எனவே 93-ஐ அடிமட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம். 149-ஐ அளந்த வயது என்று சொல்ல முடியாது. அந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர், அது எந்தக் கருதுகோளின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.