லைன் எப்படி லயமானது?

'லைன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டால் எங்கள் அலோர் ஸ்டார் மாணவர்கள் கோடு, வரி, வரிசை என்று அடுக்குவார்கள். 'லயம்' என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர்களில் பலருடைய தாத்தா பாட்டி பிறந்த வீடு அதுதான்.

நாரில் திரித்த நூலைக் குறித்த இலத்தீன் சொல்தான் 'லைன்' ஆனது. நூல் பிடித்தாற்போல் நிற்பதெல்லாம் பிறகு லைன். படைமுகாமின் குடில் வரிசையும் லைன்ஸ். அந்தப் பெயரையே தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் வைத்தார்கள் துரைமார்.

1909-இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; கங்காணிகள் தமிழகத்தில் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்கள் வாயில் லைன் லயன் ஆகி, லயமும் ஆனது. கடைப்போலிக்கு நலம்–நலன், நிலம்–நிலன் என்று பாடம் நடத்துகிறோமே, அதே மகர னகர மாற்றம்தான். பெரும்பாலும் பள்ளிக்கூடம் பார்க்காதவங்க செய்தது. இலக்கணத்துக்குள்ள அழகா அடங்குது.

ஆனால் ரப்பர் மரங்களின் வரிசைக்கு அவர்கள் ஆங்கிலத்தைத் தேடவில்லை. அது 'நிரை'; பேச்சில் 'நெரை'. ஊரில் பழகிய சொல் இருந்த இடத்தில் அதையே வைத்துக்கொண்டார்கள். ஊரில் பார்த்திராத வீட்டுக்குத்தான் கடன் வாங்கினார்கள்.

சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். லயம் இடிந்தால் சொல்லும் போயிடும். இசையின் லயம் மட்டுமே மிஞ்சும். ஆகவே, மாணவர் கட்டுரையில் 'லயத்து வீடு' வந்தால் சிவப்பு மை வேண்டாம், ஆசிரியர்களே. பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "எந்தத் தோட்டம்?"