எட்டா, பதினாறா?

பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணித் திருத்தறவங்களுக்கு 8 பிட்டா 16 பிட்டான்னு குழப்பம் எப்பவும் உண்டு. 1992ல் வந்த ஜேபெக் தரம்தான் நம்மை 8 பிட்டுக்குப் பழக்கிவிட்டது: தடத்துக்கு 256 படிகள். பார்க்க இது தாராளம். திருத்தத்தான் பத்தாது.

எங்க வீட்டு எழுபதுகளின் கலர் படங்களில் சயான் சாயம் வெளிறி, பாட்டி முகம் செக்கச்செவேல்னு ஆகிவிட்டது. சிவப்புத் தடத்தின் விவரமெல்லாம் கொஞ்சப் படிகளுக்குள் நசுங்கிக் கிடக்கு. அதை 256க்கு இழுத்தால் இடையிடையே ஓட்டை விழுந்து, கன்னம் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படி, இழுப்பைத் தாங்கும்.

ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டோடு லேயரும் கிடைத்தது 2003ல், சிஎஸ் பதிப்பில். இலவச கிம்புக்கு 2018 வரை காத்திருந்தோம் சாமி!

ஸ்கேனரிலேயே 48 பிட் வண்ணம் வைத்து டிஃப்பாகச் சேமிங்க. 8 பிட்டில் எடுத்ததை அப்புறம் 16 ஆக்கினாலும் போன படிகள் திரும்பாது; ஆல்பத்தில் பாட்டியோ வருஷத்துக்கு வருஷம் இன்னும் சிவந்துகிட்டே இருக்கா.