தாய்வழி வந்த எக்ஸ்: ஃபிராஜைல் எக்ஸ் நோய்க்குறியும் ஆட்டிசமும்

ஆட்டிசத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1943இல் தொடங்குவார்கள். அவ்வாண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்த இன்னொரு கட்டுரைக்கு அந்த வரலாறுகளில் இடம் கிடைப்பது அரிது. நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டினும் மரபியலாளர் ஜூலியா பெல்லும் எழுதியது அது. ஒரே குடும்பத்தில் அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்த 11 ஆண்களின் வம்சாவளியை அதில் வரைந்திருந்தார்கள். எண்கள் ஒத்துப்போனது தற்செயல்தான். இரண்டு கட்டுரைகளும் பின்னாளில் தாயிடம் கொண்டுபோய் விட்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

கானர் தம் முதல் கட்டுரையில் இக்குறைபாடு பிறவியிலேயே வருவது என்றுதான் எழுதினார். கூடவே, இக்குழந்தைகளின் பெற்றோரில் கனிவானவர்கள் மிகச் சிலரே என்றும் குறித்துவைத்தார். 1949இல் அந்தப் பின்குறிப்பு வளர்ந்து, பெற்றோரின் வீட்டைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிடும் அளவுக்குப் போயிற்று. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அந்தப் பழியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் அன்பில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலியா பெல் தேடியது வேறொன்றை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர் அவர். பெண்களுக்குப் பட்டம் தர அப்பல்கலைக்கழகம் மறுத்த காலம் என்பதால் டப்ளினில் பட்டம் பெற்றார். பிறகு கார்ல் பியர்சனிடம் புள்ளியியல் பணி. அதன்பின் மருத்துவப் படிப்பு. மார்ட்டினோடு எழுதியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் வரைந்த வம்சாவளியில் பாதிக்கப்பட்ட ஆண்கள், நலமாக இருந்த பெண்களின் வழியே ஒருவரோடொருவர் இணைந்திருந்தார்கள். குழந்தைக்கு வந்தது அவன் தாய்மாமனுக்கும் இருந்தது. இடையில் நின்ற தாய்க்கு ஒன்றுமில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக இறங்கும் நோயின் தடம் இதுவே. தாயின் மனம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கே அங்கு வேலை இருக்கவில்லை.

வம்சாவளி காட்டியதை நுண்ணோக்கியில் காண மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 1969இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் லப்ஸ், பாதிக்கப்பட்ட ஆண்கள் இருந்த ஒரு குடும்பத்தில் எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியருகே ஓர் ஒடுக்கத்தைக் கண்டார். நுனி ஒடிந்து தொங்குவதுபோல் தெரிந்தது. பெரிய செய்தியாக வேண்டியது இது. ஆனால் ஏறக்குறைய எட்டாண்டுகள் பெரும்பாலும் யாராலும் அதைத் திரும்பக் காட்ட முடியவில்லை.

காரணத்தைக் கண்டவர் ஆஸ்திரேலியரான கிராண்ட் சதர்லாண்ட். மெல்போர்னில் இருந்தவரை இந்த ஒடிசல்கள் அவர் கண்ணில் பட்டன. அடிலெய்டு மருத்துவமனைக்கு மாறியதும் மறைந்துவிட்டன. இரு ஆய்வகங்களுக்கும் என்ன வேறுபாடு என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியது இரத்த அணுக்களை வளர்க்கும் ஊடகம். மெல்போர்னில் பயன்பட்ட பழைய ஊடகத்தில் ஃபோலிக் அமிலம் குறைவு. புதியதில் சத்து தாராளம். அணுக்கள் செழித்தன, ஒடிசல் மூடிக்கொண்டது. உலகெங்கும் ஆய்வகங்கள் நல்ல ஊடகத்துக்கு மாறிய காலம் அது. தரம் உயர்ந்ததாலேயே ஒரு நோய் கண்ணுக்குத் தப்பியது. 1977இல் அவர் இதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட பின்னர், ‘எளிதில் ஒடியும் எக்ஸ்’ என்று பொருள்படும் ஃபிராஜைல் எக்ஸ் உலகெங்கும் கண்டறியப்படலாயிற்று. மார்ட்டின்–பெல் குடும்பத்தை 1981இல் மீண்டும் சோதித்தபோது அங்கும் அதே குரோமோசோம் இருந்தது. 1979இல் நூறு வயதில் காலமான பெல்லுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அதே 1977இல்தான் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபின் பங்கை முதன்முதலாக உறுதியாகக் காட்டினார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 இணைகளில் ஒன்றில்கூட இல்லை. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று சந்திக்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டெட் பிரவுனின் குழு, ஃபிராஜைல் எக்ஸ் உள்ளவர்களிடம் ஆட்டிசம் இருப்பதை ‘லான்செட்’ இதழில் பதிவுசெய்தது.

இந்த உறவை இரு பக்கமிருந்தும் அளக்க வேண்டும். ஃபிராஜைல் எக்ஸ் உள்ள சிறுவர்களில் பாதிப்பேர் வரை ஆட்டிசத்துக்கான வரையறைக்குள் வருவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலோ நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் ஃபிராஜைல் எக்ஸ். ஆட்டிசத்துக்குத் தெரிந்த ஒற்றை மரபணுக் காரணங்களில் முதன்மையானதென்று சொல்லப்படுவதன் அளவே இவ்வளவுதான். நடத்தையிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு. இக்குழந்தைகள் கையை உதறுவார்கள், சொன்னதையே சொல்வார்கள், கண்ணைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கைகுலுக்கச் சொன்னால் கையை நீட்டிக்கொண்டே முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார்கள். ஆட்கள் மேல் விருப்பம் இருக்கிறது, பதற்றம் அதைத் தடுக்கிறது. கானர் வர்ணித்த தனிமையும் இதுவும் ஒன்றென எனக்குத் தோன்றவில்லை.

ஒரு புதிர் பாக்கியிருந்தது. நோய்க்குரிய எக்ஸ் குரோமோசோமைச் சுமந்தும் நலமாக வாழ்ந்த ஆண்கள் இருந்தார்கள். அவர்களுடைய மகள்களும் நலமே. மகள்களின் பிள்ளைகளிடம் நோய் வெளிப்பட்டது. இதை 1985இல் ஸ்டெஃபனி ஷெர்மன் துல்லியமாக வரையறுத்தார். விடை 1991இல் வந்தது. ராட்டர்டாம், அட்லாண்டா, ஹூஸ்டன் குழுக்கள் சேர்ந்து எஃப்.எம்.ஆர்.1 மரபணுவைப் பிரித்தெடுத்தன. ஸ்ட்ராஸ்பூர்கும் அடிலெய்டும் அதே ஆண்டில் அதே இடத்தை எட்டின. அம்மரபணுவின் முகப்பில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. பெரும்பாலோரிடம் முப்பது முறையை ஒட்டி. 55 முதல் 200 வரை இருந்தால் முன்மாற்றம். அதைத் தாண்டினால் முழுமாற்றம். அப்போது மெத்தில் தொகுதிகள் ஒட்டி மரபணு வாயடைத்துப்போகும். நீட்சி தாயிடமிருந்து இறங்கும்போதுதான் பெரிதாகப் பாய்கிறது. தாத்தா முன்மாற்றத்தை அப்படியே மகளுக்குத் தருகிறார். மகளிடமிருந்து பேரனுக்குப் போகையில் அது முழுமாற்றமாகிறது.

இம்மரபணு தரும் புரதம் நரம்பு இணைப்புகளில் பிற புரதங்களின் உற்பத்தியை அடக்கிவைக்கிறது. அது இல்லாவிட்டால் உற்பத்திக்குக் கடிவாளம் இராது. அந்த உற்பத்தியைத் தூண்டும் குளூட்டமேட் ஏற்பியைத் தணித்தால் சமநிலை திரும்பும் என்று மார்க் பேரும் கிம்பர்லி ஹூபரும் ஸ்டீபன் வாரனும் 2004இல் முன்வைத்தார்கள். எலிகளில் அது பலித்தது. மனிதரில் பலிக்கவில்லை. நோவார்ட்டிஸின் மருந்துச் சோதனை 2014இல் நின்றது. ரோஷின் மருந்தும் அவ்வாறே. பெற்றோர் நிரப்பும் நடத்தைப் பட்டியல்களை வைத்தே பலன் அளக்கப்பட்டது. வெறும் மாத்திரை பெற்ற குழந்தைகளும் முன்னேறியதாகவே அவை காட்டின. அளவுகோல் பிழையா, மருந்து பிழையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் மருத்துவர் ராண்டி ஹேகர்மனின் மருத்துவகத்துக்கு மகன்களோடு வந்த தாய்மார் சிலர், தங்கள் தந்தையருக்குக் கை நடுங்குவதையும் நடை தள்ளாடுவதையும் சொன்னார்கள். முன்மாற்றம் சுமக்கும் முதிய ஆண்களைத் தாக்கும் தனி நரம்பு நோய் ஒன்று இவ்வாறு 2001இல் பதிவாயிற்று. புரதம் இல்லாமல் போவதால் வருவதல்ல அது. ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறிச் சேர்வதால் வருவது. முன்மாற்றமுள்ள பெண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு நாற்பது வயதுக்கு முன்பே சூலகம் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே இன்று பேச்சு வராத ஒரு சிறுவனின் இரத்தத்தில் எடுக்கும் சோதனை அவனோடு முடிவதில்லை. தாத்தாவின் நடுக்கத்துக்கும், அம்மாவுக்கு மாதவிடாய் முன்கூட்டி நின்றதற்கும் அதிலேயே காரணம் கிடைக்கலாம். அம்மாவின் தங்கை கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால், மருத்துவர் அடுத்து அழைத்துப் பேச வேண்டியது அவரைத்தான்.