ஜெர்மன் மொழியில் பொருளின் பயன் கூறல்

ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கவும் விளக்கவும் ஜெர்மன் மொழியில் தனித்தனிச் சொல்லமைப்புகளும் வாக்கிய அமைப்புகளும் உள்ளன. கேள்விச் சொல் ‘வோட்ஸு’, அதாவது ‘எதற்கு’. ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் ஏ2, பி1 நிலைகளில் இவை கற்பிக்கப்படுகின்றன. ஒரகடத்தில் 2012இல் திறக்கப்பட்ட டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, இருங்காட்டுக்கோட்டையில் கான்கிரீட் இயந்திரங்கள் செய்யும் ஷ்விங் ஸ்டெட்டர் எனத் தமிழ்நாட்டில் ஜெர்மன் தொழில்நுட்பம் வேரூன்றிய வட்டாரங்களுள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியும் ஒன்று. அங்குள்ள கருவிகளும் மண்ணுக்கடியில் கிடைத்தவையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகின்றன.

பெயரில் அடங்கிய பயன்

ஜெர்மனில் வினையடியும் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாகும். தமிழ் வினைத்தொகையும் இப்படித்தான் அமைகிறது. ‘டிரிங்க்வாஸர்’ என்பதில் ‘டிரிங்க்’ குடித்தலையும் ‘வாஸர்’ நீரையும் குறிக்கும். நம் ‘குடிநீர்’ அப்படியே. துளை போடும் டிரில்லிங் மெஷின் ‘போர்மஷீன’.

வினையடியோடு ‘அர்’ என ஒலிக்கும் விகுதி சேர்ந்தும் கருவிப்பெயர் பிறக்கும். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றுள் ஒருவகையான சுரண்டியை ஜெர்மனில் ‘ஷாபர்’ என்பர். ‘சுரண்டு’ என்பதிலிருந்து ‘சுரண்டி’ வந்ததுபோல, ‘ஷாபன்’ என்ற வினையிலிருந்து ‘ஷாபர்’ வந்தது. கைக்கோடரியின் பெயரான ‘ஃபவுஸ்ட்கைல்’ வேறு வகை. அதன் பொருள் ‘முஷ்டி ஆப்பு’. உருவத்தையும் பிடியையும் காட்டுமே தவிர, வெட்டவா, தோண்டவா, இறைச்சியைக் கூறுபோடவா என்று சொல்லாது.

பெயர் காட்டும் வேலை சரியாகவும் இருப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பேச்சு வழக்கில் ‘ஷ்ரவுபன்ட்ஸீயர்’, அதாவது ‘திருகை இழுப்பது’ என்கிறார்கள். கருவி திருகைச் சுழற்றுகிறது, இழுப்பதில்லை. ஆகவே ஜெர்மன் தரநிலைகளும் தொழிற்பயிற்சி நூல்களும் ‘சுழற்றுவது’ எனப் பொருள்படும் ‘ஷ்ரவுபன்டிரேயர்’ என்பதையே ஆள்கின்றன.

வாக்கியத்தில் பயன்

மிக எளிய அமைப்பு, ‘ட்ஸும்’ என்பதை அடுத்து வினையைப் பெயராக்கி வைப்பது: ‘ட்ஸும் ஷ்னைடன்’ என்றால் ‘வெட்டுவதற்கு’. எழுத்தில் இவ்வினை பெரிய எழுத்தில் தொடங்கும். பயன்பாட்டுக் கையேடுகளில் ‘டீன்ட் ட்ஸும்’ (‘-அதற்குப் பயன்படுகிறது’) என்ற நடை மிகுதி.

நோக்கத்தை முழுத் தொடராகச் சொல்ல இரு வழிகள் உண்டு. இரு வினைகளையும் செய்பவர் ஒருவரே என்றால் ‘உம் … ட்ஸு’ வரும். வேறுவேறு என்றால் ‘டாமிட்’. தமிழில் ‘செய’ என்னும் எச்சம் இரண்டுக்கும் போதும். ‘படிக்க விளக்கைப் போட்டேன்’ என்பதில் படிப்பவரும் விளக்கைப் போடுபவரும் ஒருவரே. இதற்கு ‘உம் … ட்ஸு’. ‘காற்று வர ஜன்னலைத் திறந்தேன்’ என்பதில் வருவது காற்று, திறப்பது நான். இங்கே ‘டாமிட்’ தான் வரவேண்டும்.

தமிழர் தடுமாறும் இடம்

‘செய’ எச்சம் தரும் குழப்பம் போல மற்றொரு சிக்கல் பெயரெச்சத்தில் எழுகிறது. ‘வெட்டும் கத்தி’ என்றால் கத்தியே வெட்டுகிறதா, அதைக் கொண்டு ஒருவர் வெட்டுகிறாரா என்பதைத் தமிழ் சொற்களில் காட்டுவதில்லை, கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஜெர்மனில் அதை விட்டுவிட முடியாது. ‘மிட் டேம் மன் ஷ்னைடட்’, அதாவது ‘எதைக் கொண்டு ஒருவர் வெட்டுகிறாரோ’ என்று உறவைச் சொல்லியாக வேண்டும். ‘மன்’ என்பது யாரையும் சுட்டாத பொது எழுவாய்.

‘டேம்’ என்ற சொல்லும் பொருளின் இலக்கணப் பாலுக்கேற்ப மாறும். கத்தி (‘மெஸ்ஸர்’) ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால் என்பதால் ‘மிட் டேம்’. ‘மஷீன’ பெண்பால் என்பதால் ‘மிட் டேர்’. கூட்டுச்சொல்லின் பாலை அதன் கடைசி உறுப்பே முடிவு செய்கிறது. வினையடியோடு ‘அர்’ விகுதி சேர்ந்த கருவிப்பெயர்கள் ஆண்பால்; ‘மெஸ்ஸர்’ அப்படிப் பிறந்ததன்று. இதனால் பொருளின் பெயரை அதன் சுட்டுச்சொல்லோடு (‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’) சேர்த்துப் படித்தவருக்கே பயனை விளக்கும் வாக்கியம் பிழையின்றி அமையும்.