பருத்திமார் எருவான கதை

எங்க பரளச்சி, திருச்சுழி பக்கம் கரிசக்காட்டில் ஒருகாலத்தில் பருத்திமாரை யாரும் வீணாக்கினதில்லை. பிடுங்கிக் கட்டுக்கட்டாக் கொண்டுவந்து அடுப்பெரிப்பாங்க. கேஸ் வந்தபிறகு மாரைக் கேட்பாரில்லை. காட்டிலேயே தீ வைக்கிறாங்க.

இதே மாரோடு நூறு வருசத்துக்கு முன்னாடி மல்லுக்கட்டினவர் ஆல்பர்ட் ஹோவார்ட். பூஞ்சாண ஆராய்ச்சியாளராக வேலையைத் தொடங்கிய வெள்ளைக்காரர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். கட்டையான மாரைப் பூஞ்சாணம் லேசில் தின்னாது. அதனால் மாரைப் பாதையில் பரப்பி, வண்டிச்சக்கரம் ஏறி நொறுங்க வைத்தார். அப்புறம் மாட்டுக்கு அடியில் போட்டு மூத்திரத்தில் ஊறவிட்டு, சாணி, மண், சாம்பலோடு சேர்த்துக் குவித்தார். முதலில் வெள்ளை நூலாகப் படர்ந்து வேலையைத் தொடங்குவது பூஞ்சாணம், பிறகு பாக்டீரியா. மூன்று மாதத்தில் எரு. 1931-ல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து இதைப் புத்தகமாக்கினார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்கிறது.

இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் பட்டாளத்தின் பருத்தித்துணிக் கூடாரங்களை மக்கடித்தது டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சாணம். இன்று உரக்கடையில் விற்கிற டிரைக்கோடெர்மா விரிடி அதுக்குப் பங்காளி.

நம்மூர் சிக்கல் தண்ணீர். மார் பிடுங்குவது கோடையில். காய்ஞ்ச மாரில் எந்தப் பூஞ்சாணமும் வளராது. முழுசாகப் போட்டுவைத்தால் காய்ப்புழு தங்கும். உடனே பொடியாக நறுக்கி வைத்து, ஐப்பசி மழையில் சாணிக்கரைசல் தெளித்துக் குவிக்கணும். ஹோவார்டும் மழைக்காலத்தில் குழியை விட்டு மேட்டில்தான் குவித்தார்.

தீக்குச்சி ஒரு நிமிசத்தில் முடிக்கிறதுக்கு இங்கே மூணு மாசம் ஆகும். ஆனா கரிசலுக்குப் போகவேண்டிய சத்து புகையாப் போகாது.